மண்ணை மட்டும் கிளறாத

1

இந்தக் கதை எனக்குக் கண் மருத்துவமனையின் பெஞ்சில் கிடைத்தது. சொட்டு மருந்து விட்டு, "கூப்பிடுற வரைக்கும் கண்ணைத் திறக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவளுக்குக் காதைத் தவிர வேறு துணை ஏது? பக்கத்து இருக்கையில் யாரோ போனில் பேசினார்கள். முன்னால் பேசியது மின்விசிறிச் சத்தத்தில் போயிற்று. பின்னால் பேசியது நர்ஸ் என்னைக் கூப்பிட்டதில் போயிற்று. நடுவில் ஒரே ஒரு பேச்சு மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது.

"செடியைத் தூக்கிட்டுப் போ. மண்ணை மட்டும் கிளறாத."

கண்ணைத் திறந்தபோது எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பக்கத்து இருக்கை காலி.

வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. மண்ணைக் கிளறினால் என்ன வரும்? முதலில் ஒரு பிணத்தை வைத்துப் பார்த்தேன். தொட்டி சின்னது. பிறகு நகையை வைத்தேன். நகை இருக்கிற தொட்டியை எந்த மடையன் தூக்கிக்கொண்டு போகச் சொல்வான்? கடைசியில் ஒருவருடைய வெட்கத்தை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்துகொண்டது.

யாருடைய வெட்கம் என்பதுதான் அப்போது தெரியவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் அவருக்கு ஒரு ரோஜாவின் மேல் தீராத காதல்—"

இல்லை. காதல் என்று எழுதினால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

தொடக்கம் இரண்டு: "பொறுமை என்பது—"

வேண்டவே வேண்டாம். இப்படித் தொடங்குகிற வாக்கியங்கள் நேராக மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்க்கின்றன.

தொடக்கம் மூன்று: "அந்த வீட்டுக் குளியலறைக் கதவின் நிறத்துக்குப் பெயர் கிடையாது."

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

கடையில் அவரைக் 'கலவை' என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டையோ உடைந்த ஓட்டுச் சில்லையோ கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தைப் பெயிண்டில் கொண்டுவருவது கலவையின் வேலை. வெள்ளை டின்னில் இயந்திரம் சொட்டுச் சொட்டாகச் சாயம் விடும். டின்னை மூடி, குலுக்கும் இயந்திரத்தில் மாட்டினால் தடதடவென்று ஆடி நிற்கும். திறந்தால் நிறம் ரெடி. கேட்டவர் கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஒருநாள் யாரோ ஊதா கேட்டார்கள். கலவை வேறு ஏதோ நினைப்பில் ஒரு சாயத்தை இரண்டு தரம் விட்டுவிட்டார். திறந்து பார்த்தால் ஊதாவும் இல்லை, பழுப்பும் இல்லை. நனைந்த செங்கல்லின் மேல் புகை படிந்த மாதிரி ஒன்று. கேட்டவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, அடிபட்டுக் கன்னிப்போன இடம் மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். யாருக்கும் வேண்டாத அந்த டின் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவாயிற்று.

"கதவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் மனைவி.

அவருக்கோ அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. காலையில் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு டீ குடித்தார். சில நாள் கழித்து மெதுவாகச் சொன்னார். "இந்த நிறத்துல ஒரு ரோஜா இருந்தா எப்படி இருக்கும்?"

"நீங்க குளிக்கப் போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள்.

அந்த வீட்டில் ஒரு கனவு பிறந்தபோது நடந்த பேச்சு இவ்வளவுதான். பெரிதாக எழுத ஆசைப்பட்டேன். காதில் இவ்வளவுதான் விழுந்தது.

3

புது நிறத்தில் ரோஜா வேண்டுமென்றால் விதையிலிருந்துதான் வரவேண்டும். ஒரு செடியின் மொட்டு விரிவதற்கு முன்பே இதழ்களை உரித்து, உள்ளே நிற்கும் மகரந்தக் காம்புகளை நறுக்கிவிட வேண்டும். மறுநாள் இன்னொரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் தொட்டு வைத்து, காகிதப் பையால் மூடிக் கட்ட வேண்டும். காய் பிடித்தால் அது பழுக்க மாதங்கள் ஆகும். விதையை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, குளிர்காலம் வந்து போய்விட்டது என்று அதை நம்பவைக்க வேண்டும். அதன்பின் ஊன்றினால் பாதி முளைக்காது. முளைத்ததில் பாதி இரண்டு இலையோடு சாயும். நின்று பூப்பது பூக்கும்போதுதான், அது நாம் கேட்ட நிறம் இல்லை என்று தெரியும்.

வெள்ளை வந்தது. எல்லாரிடமும் இருக்கிற ரோஸ் வந்தது. ஒரு வருடம் மஞ்சள் வந்தது. அந்த மஞ்சளுக்கு அப்பனும் ஆத்தாளும் யார் என்று அவருக்கே விளங்கவில்லை. வந்ததைத் தூக்கி எறிய மனசு வராமல் அக்கம்பக்கத்தில் கொடுத்தார். எதிர்வீட்டு மதில், இஸ்திரிக் கடை வாசல், முனைவீட்டுப் படிக்கட்டு என்று எங்கும் அவருடைய செடிகள்தான். அவர் தோல்விகளால் தெருவே மணத்தது. ஜனங்கள் நிறுத்தி நிறுத்தி நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு நன்றிக்கும் தலைகுனிந்துகொண்டு போனார்.

(மேலே உள்ள 'தோல்விகளால் தெருவே மணத்தது' என்பதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொஞ்சம் அலங்காரமாக இருக்கிறது. ஆனால் இஸ்திரிக் கடைக்காரர் உண்மையிலேயே அப்படி நினைத்தார் என்பதால் விட்டுவைக்கிறேன்.)

மனைவியின் தம்பி, அதாவது மச்சினன், வரும்போதெல்லாம் டீ டம்ளரோடு மாடிக்கு ஏறிவிடுவான். தொட்டிகளுக்கு நடுவே அதிகாரி மாதிரி நடந்து பார்ப்பான்.

"மாமா, நீங்க ரிட்டயர் ஆகுற அன்னிக்கு இந்தப் பூவுலயே மாலை கட்டிப் போட்டுடலாம்."

அவர் சிரித்துவைப்பார்.

"பூ மட்டும் வெளியில வாங்கிக்கலாம்."

இதற்கும் சிரித்துவைப்பார். சிரிப்பு கீழே இறங்கும்வரை தாங்கும். அதற்குமேல் தாங்காது.

கடைசியாக ஒரு நாற்று மிஞ்சியது. கொடியாக ஏறுகிற ரோஜா வகை ஒன்றின் மகரந்தத்தை வைத்து எடுத்தது.* இலையின் அடிப்பக்கத்தில் அந்தக் கதவின் சாயல் லேசாகத் தெரிந்ததால் அதன்மேல் அவருக்குத் தனி நம்பிக்கை. அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மச்சினன் நடை எட்டாத இடத்தில் வைத்தார். வருடம் போயிற்று. இலையாக விட்டது, முள்ளாக விட்டது, குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறியது. ஒரு மொட்டும் விடவில்லை.

* கொடி வகைக்குப் பிறந்த நாற்று எடுத்த எடுப்பில் பூக்காது. முதலில் உடம்பு வளர்க்கும். பூவைப் பற்றி அப்புறம்தான் யோசிக்கும். இது அவருக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் காத்திருப்பது சுலபமாகிவிடாது என்பதும், போகப்போகத் தெரிந்தது.

4

இங்கேதான் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது.

ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டுகிற ஒரு கட்டடத்துக்கு நிறம் காட்டிவிட்டு, பஸ்ஸுக்காக நின்றார். நின்ற இடத்தில் ஒரு செடிக்கடை இருந்தது. நிழல் வலைக்கடியில் வரிசையாக, கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில், குளியலறைக் கதவு பூத்திருந்தது.

ஒன்று இரண்டல்ல. ஒரு வரிசை முழுக்க.

அவர் ரோட்டைத் தாண்டிய விதத்தைப் பார்த்து ஒரு லாரிக்காரன் திட்டினான். அது அவர் காதில் விழவில்லை. ஒரு பூவைக் கையில் ஏந்திப் பார்த்தார். அதேதான். ஊதா இல்லை, பழுப்பு இல்லை, நனைந்த செங்கல், புகை.

"புதுசா வந்திருக்கு சார். நல்லா போகுது" என்றான் கடைக்காரன்.

"இதை யாருப்பா பண்ணினது?"

"பண்றதா? லாரில வருது சார்."

எங்கேயோ ஒரு முகம் தெரியாத ஆள், இவரைப் போலவே தூரிகையும் காகிதப் பையுமாக நின்று, இவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். சேர்ந்ததும் அது லாரியில் ஏறிவிட்டது.

அவர் ஒரு செடியை வாங்கினார். நான் அவரை நேர்மையானவராகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். நேர்மையானவர் ஏன் வாங்கினார்? மகரந்தத்துக்காக வாங்கினார் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது, பொய்யாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வாங்கினார் என்று எழுதினேன். அதற்குக் கதவே போதும். கடைசியில் அவரையே கேட்டேன். என் வழக்கம் அதுதான். நான் பேச்சாக இல்லாத எதையும் நம்புவதில்லை.

"எனக்கு வயசாகுதுங்க" என்றார். "ஒரு தடவையாவது அது என் மாடியில இருக்கட்டும்னு தோணிச்சு."

இதற்குமேல் என்ன கேட்பது?

பஸ் நிறுத்தத்தில், கிளையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பெயர்ச்சீட்டைப் பிய்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்கு ஏறி, தன்னுடைய பழைய மண்தொட்டி ஒன்றில் செடியை இறக்கினார். கொஞ்சம் ஆழமாகவே இறக்கினார். அப்போது பொய் சொல்லும் எண்ணம் எதுவும் இல்லை என்கிறார். அப்படியே எழுதிவைக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

5

ஆழமாக இறக்கியதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கடையில் விற்கிற ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. வேர் ஒரு காட்டு ரோஜாவுடையது, மேலே பூப்பது வேறொன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டிய இடத்தில், தண்டின் அடியில், ஒரு கட்டி இருக்கும். விதையிலிருந்து வந்த செடிக்கு அந்தக் கட்டி கிடையாது. தண்டு வழவழவென்று நேரே மண்ணுக்குள் போகும்.

இதை அவர் தன் மகளுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து அவள் எந்த ரோஜாவைப் பார்த்தாலும் மண்ணில் விரலை விட்டு நோண்டிப் பார்ப்பாள். ஒருநாள் முனைவீட்டுக்காரர் தன் வாசல் செடியை, விதையிலிருந்து தானே வளர்த்ததாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். மகள் குனிந்தாள், நோண்டினாள், நிமிர்ந்தாள்.

"கட்டி இருக்கு. வாங்கினது."

முனைவீட்டுக்காரரின் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி அப்பாவும் மகளும் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவருக்கு வயிறு வலித்துவிட்டது. அந்த முகம் அப்போது வேடிக்கையாக இருந்தது.

இப்போது அவள் கல்யாணமாகி அதே ஊரில் வேறு பக்கம் இருந்தாள். செடி வாங்கிய அன்று சாயங்காலம் அம்மாவைப் பார்க்க வந்தவள், கைகழுவிக்கொண்டிருந்த அப்பாவைத் தேடி மாடிக்கு ஏறி, தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். மாடி கொள்ளாத அத்தனை தொட்டிகளில் ஒன்று கூடியிருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

"அப்பா, பூத்துடுச்சா?"

"இது வந்து—"

அவள் அதற்குள் ஓர் இதழை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். குளியலறைக் கதவில் இதழை வைத்துப் பார்த்தாள். கதவில் இதழ் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஈரக்கையோடு படியில் நின்று பார்த்தார். மனைவி இதழைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

மகள் மண்ணை நோண்டிப் பார்க்கவில்லை. அப்பாவின் செடியை யாராவது நோண்டிப் பார்ப்பார்களா?

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளைக்கு மச்சினன் வந்துவிட்டான். டீ டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் பூவின் முன்னால் குனிந்து பார்த்தான்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. வாய்க்கு வந்ததை எல்லாம் பேசியிருக்கேன்."

கேலியை அவர் தாங்கிக்கொண்டவர். இதை எப்படித் தாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு சொல்வதென்றால் மச்சினனிடமிருந்து வாங்கிய மன்னிப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. அங்கே இருந்த நாற்றின் முன்னால் போய் நிற்க அவருக்கு முகமில்லை. பூச்செடிப் பக்கமும் அதிகம் போகவில்லை. போனால் தண்டின் அடியை மட்டும் பார்ப்பார். கட்டி தெரியாது. நல்லவேளை, ஆழமாகப் புதைத்தோம் என்று நினைத்துக்கொள்வார். கடைக்குப் போய் டின்னைக் குலுக்குவார். அந்த இயந்திரத்தின் தடதடப்பே முன்புபோல் இல்லை. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

6

சில மாதம் கழித்து மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மகள் கிளம்பும் காலையில் வந்து சொன்னாள். "அப்பா, அதை நான் எடுத்துட்டுப் போறேன். பெரிய தொட்டி வாங்கியாச்சு. போனதும் மண் மாத்தி வச்சிடுவேன். என் ஆஃபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் எங்கப்பா பண்ணின ரோஜான்னு."

மண் மாற்றினால் கட்டி வெளியே வரும். அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அவள் விரலில் இருக்கிறது. அவள் நோண்டிப் பார்க்கத் தேவையே இருக்காது. மண் உதிர்ந்ததும் அதுவே சொல்லிவிடும், ஓர் ஊரும் ஒரு பால்கனியும் தள்ளி, அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

ஆக, என் வாக்கியத்துக்கு இடம் வந்துவிட்டது. முதல் பிரதியில் இப்படி எழுதினேன்.

"செடியைத் தூக்கிட்டுப் போ. மண்ணை மட்டும் கிளறாத" என்றார் அவர்.

"ஏம்ப்பா?"

"வேர் அறுந்துடும்."

"நீங்கதானே வருஷாவருஷம் மண் மாத்தணும்னு சொல்வீங்க?"

"அது வேற செடி. இது—"

இங்கே நின்றுவிட்டது. 'இது'வுக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தொட்டியைக் கட்டக் கயிறு எடுத்துக்கொண்டு படியேறியவரைப் பாதிப் படியிலேயே நிறுத்திவைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். துணி உலர்த்தினேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். திரும்பி வந்து பார்க்கும்போதெல்லாம் அவர் கயிறும் கையுமாக அங்கேயே நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

பொறுமையில்லாமல் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அவர் அங்கேயே உடைந்து எல்லாவற்றையும் சொல்கிறார். மகள் கட்டிக்கொண்டு அழுகிறாள். (குலுக்கினதும் ரெடி.)

முடிவு ஆ: அதே நேரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாற்று பூத்திருக்கிறது. அதே நிறம். அதைவிட அழகு. அவர் பழைய தொட்டியை எடுத்துவிட்டு இதைக் கொடுத்து அனுப்புகிறார்.

முடிவு ஆ எனக்குப் பிடித்திருந்தது. முழுசாக எழுதி, படித்துப் பார்த்து, கண்கலங்கவும் செய்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் செய்தது என்ன? பூக்காத செடியில், எங்கிருந்தோ லாரியில் வந்த பூவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அடியில் கட்டி தெரியாமல் கொஞ்சம் மண்ணையும் போட்டிருக்கிறேன். இந்த மனுஷனை இத்தனை பக்கம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் நான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்ததை யாரும் பார்க்கவில்லை என்றாலும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.

7

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

முதல் பகுதியில் "யாரோ போனில் பேசினார்கள்" என்று எழுதினேன், கவனித்தீர்களா? அது பெண் குரல். ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். கதைக்கு வசதியாக இருக்கும் என்று அவள் பேச்சைப் பிடுங்கி அவர் வாயில் வைத்துவிட்டேன். அதனால்தான் அது அங்கே மூச்சு விடவில்லை.

பேச்சை உரியவளிடம் கொடுத்தேன். அதன்பிறகு நான் எழுதவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கயிறோடு பாதிப் படியில் நிற்கிறார். மேலே மாடியில் மகளும் மனைவியும். மனைவி தொட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்.

"செடியைத் தூக்கிட்டுப் போ. மண்ணை மட்டும் கிளறாத."

தொட்டியைத் தூக்கக் குனிந்த மகள் நிமிர்ந்தாள்.

"பெரிய தொட்டின்னு சொன்னியே, அதுக்குள்ள இதை அப்படியே இறக்கி வச்சுக்கோ. சுத்தி மண்ணைப் போட்டு நிரப்பிடு. என்ன?"

எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டு வளர்ந்தவள் அந்த மகள். இப்போது அம்மாவைப் பார்த்தாள். படியில் தெரிந்த அப்பாவின் தலையைப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றாள்.

அவ்வளவுதான். தொட்டி கீழே வந்தது. அவர் கயிறு கட்டினார். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. மாப்பிள்ளை, "நான் கட்றேன் மாமா" என்று வாங்கிக்கொண்டார். கார் போன பிறகும் அவர் வாசலில் நின்றார், ரோட்டைப் பார்த்தபடி. வீட்டுப் பக்கம் திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று ரோட்டைப் பார்த்தே கேட்டார்.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"தெரியுமா உனக்கு?"

"தண்ணி ஊத்துறது யாரு? ஊத்த ஊத்த மண்ணு இறங்கிடுது. கட்டி வெளிய வந்து நிக்கும். அள்ளி அணைச்சு விடுவேன். அடியில இருந்து காட்டுக் கிளை வேற விட்டுக்கிட்டே இருந்துது, இலையே வேற மாதிரி. யாராவது பார்த்துட்டா என்ன பண்றதுன்னு கிள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

ஆழமாகப் புதைத்ததால் அது தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் குனிந்து நிம்மதியானது அவள் அணைத்துவிட்ட மண்ணைப் பார்த்துத்தான்.

"எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க கொண்டுவந்த அன்னிக்கே. மாடில எந்தத் தொட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"கேட்டிருக்கலாமே."

"சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று.

"இவ்வளவு நாளா?"

"உங்க ரோஜாவுக்கு இருந்ததைவிடக் கம்மிதான்" என்று சொல்லிவிட்டு அவள் துடைத்த துணியை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் பிழைத்திருப்பார். பிடிபட்டால் வருகிற வெட்கத்துக்கு அவர் தயாராகத்தான் இருந்தார். இத்தனை நாளும் பிடிக்காமல் விட்டுவைத்திருக்கிறாள் என்பதற்கு அவரிடம் எந்த ஏற்பாடும் இல்லை. இத்தனை காலம் பொறுமையாகக் காத்திருக்கிறவர் என்று தெருவில் தன்னைத்தான் சொல்வார்கள். அதை அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதே மாடியில், அதே வாளியோடு, இன்னொருத்தி வேறொன்றுக்காகக் காத்திருந்தது அவருக்குத் தெரியாது.

(எனக்கும் தெரியாது. ஐந்தாம் பகுதியில் அவள் "ம்" என்று சொன்னபோது அதைச் சும்மாதான் எழுதினேன். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.)

8

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "பின்னாடி இருக்கிறதுக்கும் தண்ணி ஊத்தித்தான் இருக்கேன். போய்ப் பாருங்க."

அவர் மாடிக்கு ஏறினார். ரோஜாத் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம். அதைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். செத்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். அது குழாயைச் சுற்றி ஏறி, தொட்டி மூடியையும் தாண்டி, வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்த கிளையைத் தாங்கிப் பிடித்து ஒரு பழைய ரவிக்கைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது. அந்தக் கட்டு அவருடையதல்ல.

நுனியில் ஒரு மொட்டு.

இறுக்கமாக, பச்சையாக, வெளி இதழ்களைப் பல்லைக் கடித்ததுபோல் மூடிக்கொண்டு நின்றது. கன்னிப்போன நிறமா, வெள்ளையா, எல்லாரிடமும் இருக்கிற ரோஸா, எதுவும் தெரியவில்லை. விரலால் லேசாகப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் கை அதுவரை போயிற்று. என் கையும் போயிற்று. இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டோம்.

அதைத் திறந்து காட்டச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். ஒரு தரம் திறந்துவிட்டுத்தான் கிழித்துப் போட்டேன்.

அடியில் குனிந்து பார்த்தார். தண்டு வழவழவென்று நேரே மண்ணுக்குள் போயிற்று. சுற்றிலும் அவள் விரல் பதிந்த தடம்.

அங்கேயே, தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஈரத் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகளின் எண்ணைப் போட்டார். கீழே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஒருவேளை தற்செயலாக நின்றிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

மணி போகிறது. காரில் அவள் மடியில் தொட்டி. காற்றில் இலை கன்னத்தில் உரச, ஒரு கையால் அணைத்துப் பிடித்திருக்கிறாள். அவள் விரல் மண்ணின் மேல் இருக்கிறது. மேலேதான் இருக்கிறதா, கொஞ்சம் உள்ளேயா என்று என்னால் பார்க்க முடியவில்லை. என் கண்ணைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. இனி காதுதான்.

எடுத்துவிட்டாள்.

அவர் வாயைத் திறக்கிறார். இதற்குமேல் நான் அவருக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தால் அது வாங்கின சொல்லாகிவிடும். கீழே ஒருத்தி இவ்வளவு நாள் காத்து இருந்திருக்கிறாள், நீங்களும் நானும் இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன? உங்களால் முடியாதென்றால் அவருக்குப் பதில் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் உங்களிடமும் எங்கேயாவது ஒரு தொட்டி இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"சொல்லுங்கப்பா" என்கிறாள் மகள். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."